பெரிய மிஷின் வந்த பிறகு

எங்கள் வீட்டில் மிஷின் இரண்டு. ஜன்னலுக்குக் கீழே கிடக்கும் தையல் மிஷின் என்னுடையது. கொட்டகையில் சாக்குப் போட்டு மூடியிருக்கும் மரம் அறுக்கிற மிஷின் என் வீட்டுக்காரருடையது. நாற்பது தாண்டியதும் எனக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணாடி போட்டாலும் ஊசிக் காது மட்டும் பிடிபடாது. அதற்கு அவரைத்தான் கூப்பிடுவேன். மேலெல்லாம் மரத்தூளோடு வந்து நிற்பார். அந்தத் தடித்த விரலால் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரே குத்தில் கோத்துக் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். "டெய்லரு நீயா நானாடி?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

ஒரு மார்கழிக் காலையில் அந்த ஊசி அவர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது. "கை விறைச்சுப் போச்சு, குளிரு" என்றார். பிடித்து இழுத்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெள்ளை, மாதா கோவில் பீடத்தில் ஏற்றாமல் வைத்திருக்கிற மெழுகுவர்த்தி மாதிரி. திண்டுக்கல் பக்கம் அப்படி என்ன குளிர் வந்து கொட்டுகிறது? "எரியோட்டு வெயில்ல பொறந்தவ காதுல பூச்சுத்துறீங்களா?" என்று கத்தினேன். அவர் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் கையையே கவனிக்க ஆரம்பித்தேன். சட்டைப் பித்தானைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் மாட்டினார். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தினார். படுத்தால் உள்ளங்கை குறுகுறுக்கிறது என்று எழுந்து உட்கார்ந்து உதறினார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்த "ஒன்றுமில்லை"யைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயம்தான் எங்கள் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது. ஒரே மகள், ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். போனை வைத்ததும் அவர் தன் கையைத்தான் பார்த்தார். "பேரப்புள்ள வாரதுக்குள்ள இதச் சரி பண்ணிரணும்" என்றார். அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது, கையில் என்னவோ கோளாறு என்று.

எதற்கு அந்தப் பயம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் வெளியே கிளம்புகிற பிள்ளை நெற்றியில் பெரியவர்கள் கட்டைவிரலால் சின்னதாகச் சிலுவை போட்டு அனுப்புவார்கள். என் மகளுக்கு அது எப்போதும் அவள் அப்பாதான். அந்தக் கட்டைவிரல் படாமல் அவள் பரீட்சைக்குப் போனதில்லை, கல்யாணத்துக்கும் போனதில்லை. பிறந்த அன்றே அவளை ஒரு உள்ளங்கையில் ஏந்தி மறுகையால் சிலுவை போட்டவர் அவர். ஆஸ்பத்திரியில் இருந்த பொம்பளைகள் எல்லாம், கீழே போட்டுவிடாதேப்பா என்று பதறினார்கள். "என் கை என்ன ஓட்டக் கையா?" என்று சிரித்தார்.

திண்டுக்கல்லில் நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு குண்டூசியை எடுத்து, "குத்துறேன், எந்த விரல்னு சொல்லுங்க" என்றார். சுண்டுவிரலில் குத்தினார். இவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் குத்தவில்லை போலிருக்கிறது என்று காத்துக்கொண்டிருந்தார். நடுவிரலில் குத்தினார். "ஆள்காட்டி வெரலு சார்" என்றார் இவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆவலாக. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "மிஷின் ஆட்டம் கையில ஏறி ஏறி நரம்பு செத்துக்கிட்டே வருது. போனது திரும்பாது. மிச்சம் இருக்கிறத காப்பாத்தணும்னா மிஷின் பிடிக்கிறத விட்ரணும். மாத்திரை தாரேன், ஆனா வைத்தியம் அது இல்ல." இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, "டாக்டர் சொன்னது ரொம்பச் சரி. ஆட்டந்தான் காரணம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த வாயில் தலையில் கல்லைப் போட்டார். "பெரிய மிஷின் ஒண்ணு வாங்கணும்."

"உங்களுக்கு என்ன புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"செத்த நேரம் சொல்றதக் கேளு. இது கொப்பு, கெளை வெட்டுற மிஷின். இத வச்சு நான் புளியமரத்து அடித்தூர அறுக்கிறேன். நாலு பக்கமும் சுத்திச் சுத்தி அறுத்தாலும் நடுவுல நிக்குது. மிஷின் திணறுது. திணறுனா ஆடத்தானே செய்யும்? அம்புட்டு ஆட்டமும் என் கையிலதான எறங்குது? பெரிய மிஷினுக்குத் திணறலே கெடையாது. வாழத்தண்டுல கத்தி போற மாதிரி போகும். கைக்கு வேலையே இல்ல."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஒரு புத்திதான். கிணறு வற்றினால் போர் போடு. போரில் தண்ணீர் இறங்கினால் இன்னும் ஆழம் இறக்கு. மோட்டார் திணறினால் அதைவிடப் பெரிய மோட்டார் வை. நிறுத்து என்ற வார்த்தை யார் வாயிலும் வராது. எரியோட்டில் எங்களுக்கும் ஒரு முருங்கைக் காடு இருந்தது. கடைசியாகப் பெரிய மோட்டார் இறக்கிய அன்றைக்குக் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அடித்தது. இவர் அதில் நின்று சட்டையோடு குளித்தார், என்னையும் இழுத்து நனைத்துவிட்டார். சாயங்காலம் குழாயில் காற்றுதான் வந்தது. முருங்கை காய்ந்து சருகான பிறகுதான் இவர் மரம் அறுக்கப் போனார்.

இதெல்லாம் தெரிந்த நானாவது அன்றைக்கு அந்த டீக்கடையில் சண்டை போட்டிருக்க வேண்டாமா? நானும் அதே மண்ணில் பிறந்தவள்தானே. அவர் சொல்லச் சொல்ல, இருக்குமோ, அப்படியும் இருக்குமோ என்று மனசு தொற்றிக்கொண்டது. மிஷினை விடு என்று டாக்டர் சொன்னாரே, விட்டால் எதை வைத்துச் சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. இது ஒன்றுதான் எங்களுக்குப் பிடிக்கக் கிடைத்த கொப்பு.

பேகம்பூரில் ஒரு பாய் கடை. தண்ணீர் மோட்டார், மருந்தடிக்கிற மிஷின், மரம் அறுக்கிற மிஷின் எல்லாம் விற்பார். "கொப்பு வெட்டவாண்ணே, தூர் அறுக்கவா?" என்று கேட்டார் பாய்.

"தூரு பாய். ரெண்டு பேரு கட்டிப் பிடிச்சாலும் கையெட்டாத புளி."

மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். பிளேடு மட்டும் என் இடுப்பு உயரம் இருந்தது. இவர் விலையைக் கேட்கவில்லை, எத்தனை குதிரை சக்தி என்றும் கேட்கவில்லை. "கைக்கு ஆட்டம் வருமா பாய்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இன்ஜினுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஸ்பிரிங் இருக்குண்ணே. இருந்தாலும் மிஷின்னா ஆட்டம் இல்லாம இருக்குமா? வெயிட்டும் சாஸ்தி. உங்க கைக்குத் தோதுப்படுமான்னு ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க."

கடைக்குப் பின்னால் ஒரு வேப்பந்தடி கிடந்தது. கயிற்றை இழுத்துக் கிளப்பி அதில் வைத்தார். பிளேடு இறங்கிய வேகத்தைப் பார்த்து எனக்கே வாய் பிளந்துவிட்டது. தடி இரண்டாக விழுந்தது. அவர் அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்திருக்கிறார், அதற்குப் பிறகு நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. "ஆட்டமே தெரியலடி!" என்றார். எதைக் கொடுத்து வாங்கினோம் என்பதை விடுங்கள். அன்றிலிருந்து என் காது மூளி, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நிறுத்தி, பங்குச் சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வாங்குவார்கள். பளபளவென்று நின்ற பைக்குகளுக்கு நடுவில் இவர் சாக்கை விரித்து மிஷினை வைத்தார். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் செம்பிலிருந்து தெளிக்கக் கையை ஓங்கும்போது நான் முந்திக்கொண்டேன். "சாமி, மிஷினுக்கு வேணாம். இவரு கைக்குத் தெளிங்க." இவர் வெட்கத்தோடு இரண்டு கையையும் நீட்டினார். சாமியார் சிரிப்பதை நிறுத்திவிட்டு மிஷினுக்கும் கைக்கும் தெளித்தார்.

முதல் மரம் ரெட்டியார்சத்திரம் பக்கம், ஒரு கடலைக் காட்டின் கிணற்றோரத்துப் புளி. நாங்கள் மூன்று பேர் போனோம். மரம் சாய்கிற பக்கம் வடம் பிடித்து இழுக்க என் கொழுந்தன் எப்போதும் வருவான், அவருக்குத் தம்பி. விழுந்த கொப்புகளை ஒதுக்கிக் குவிக்க நான். காட்டுக்காரர் வீட்டம்மா தூரில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றது. பழைய மிஷினாக இருந்தால் பொழுது சாயும்வரை அந்தத் தூரைச் சுற்றி மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருப்பார். இன்றைக்கு நின்ற இடத்தில் நின்று அறுத்தார். சோற்றுக்கு வெஞ்சனச் சட்டியை நான் திறப்பதற்குள் மரம் முறிகிற சத்தம் கேட்டது. புளி விழுந்து தூசி அடங்கியதும் அவர் ஓடி வந்து என் முன்னால் கையை விரித்துக் காட்டினார். "பாரு. ஆட்டமே இல்ல. குறுகுறுப்புக்கூட இல்ல."

அப்புறம் கொஞ்ச காலம், நான் பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தோம். பெரிய மரம் என்றால் இவரைத்தான் தேடி வந்தார்கள். ரோட்டோரப் புளி, காட்டு வாகை, கிணற்று மேட்டு வேம்பு என்று அலைந்தார். படுத்தால் எழுந்து கை உதறுவது நின்றது. அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினார். கை குணமாகிறது என்று நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். தெரிந்தவர்களிடம் எல்லாம், டாக்டருக்கு என்ன தெரியும், எங்க வீட்டுக்காரர் கண்டுபிடித்த வைத்தியம்தான் வைத்தியம் என்று பீற்றிக்கொண்டேன். ஆனால் ஊசியை மட்டும் அவரிடம் நீட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோத்துக்கொண்டேன். நீட்டினால் என்ன தெரிந்துவிடும் என்று பயந்தேன்? அதை எனக்கு நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

தெரிய வேண்டியது எரியோட்டில் ஒருவர் காட்டில் தெரிந்தது. மரத்தைச் சாய்த்து, தூரைத் தடிகளாகத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் சோற்றுத் தூக்கோடு போய் இறங்கவும் அவர் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. மகள். வளைகாப்பு முடிந்து அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் கிளம்புகிறாள். அவர் மிஷினை அணைத்து வைத்துவிட்டு, "வா தாயி, வா" என்று பேசிக்கொண்டே நிழலுக்குப் போனார். மிச்சம் ஒரு துண்டுதானே என்று கொழுந்தன் மிஷினை எடுத்துக் கிளப்பினான். சின்ன மிஷின் அவனுக்குப் பழக்கம்தான், இதை அதுவரை தொட்டதில்லை. பழகாத கைக்கு இது ஆபத்து என்று இவர் தொட விட்டதில்லை.

பாதித் தடியில் கொழுந்தன் அணைத்துவிட்டான். மிஷினைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் உதறு உதறு என்று உதறினான்.

"யப்பா சாமி! என்ன மதினி இது? தோள்பட்டை வரைக்கும் ஆட்டி எடுக்குது. பல்லெல்லாம் கூசுது. சின்ன மிஷினே தேவலாம் போல. அண்ணன் ஆட்டமே இல்லங்குறாரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், குரல் கசிந்தது. இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வந்து மிஷினைக் கிளப்பினார். தடியில் வைக்காமல், வெறுமனே முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆடுதா?" என்று சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏய், இங்க வா. நீ பிடி" என்றார். நான் போய் அவர் கைக்குப் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்தேன். ஆட்டம் முழங்கை வரைக்கும் ஏறியது. என் வளையல்கள் கலகலவென்று குலுங்கின. அவர் என் வளையலையே பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். என் கையும் அவர் கையும் ஒரே கைப்பிடியில்தான் இருந்தன.

ஆட்டம் தெரியாமல் போனதற்குக் காரணம் ஸ்பிரிங்கும் இல்லை, வைத்தியமும் இல்லை. பாய் கடையில் வேப்பந்தடி அறுத்த அன்றைக்கே அந்தக் கையில் ஆட்டத்தை அறிகிற நரம்பு பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தது. மிச்சத்தையும் இந்த மிஷின் தின்றுவிட்டது. குறுகுறுப்பு நின்றது குணமாகி இல்லை. குறுகுறுக்க அங்கே ஒன்றும் இல்லாமல் போனதால் நின்றது. அதற்குப் போய் நான் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன், ஏசப்பா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மிஷினைக் கிளப்பவிடாமல் அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் தையல் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலையில் அவர் தேடினார். கொட்டகையில் தேடினார், சாக்கை உதறினார், கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். நான் தைத்துக்கொண்டே, "தர மாட்டேன். நான் தைக்கிறதுல கஞ்சி குடிப்போம். அதக் கொண்டு போய்க் கெணத்துல போடுங்க" என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினார்.

"மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தத்தான டாக்டரு நிறுத்தச் சொன்னாரு? மிச்சம்னு ஒண்ணு இருந்தா நிறுத்தலாம். செத்த கைக்கு எதுக்குடி ஓய்வு?"

பெட்டியைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன். பிளக் அவர் உள்ளங்கையில் இருந்தது. அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் விரலை மடக்கினார். அவர் போன பிறகு தையல் மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். உள்ளே படுத்திருந்த மகளுக்குக் கேட்கக் கூடாதென்று தைக்கிற துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. நிறைமாதம், சொல்லி என்ன ஆகப் போகிறது.

பெண்குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். இவர் ஆஸ்பத்திரிக்கும் வந்தார், எட்ட நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்தும் எட்டவே நின்றார். "தூக்குங்கப்பா" என்று மகள் சொன்னால், "மேலெல்லாம் தூசி தாயி, குளிச்சுட்டு வாரேன்" என்பார். குளித்துவிட்டு வந்தால், தூங்குகிறது என்பார். முழித்திருந்தால், பசிக்கும்போல, நீ பால் குடுத்து அமர்த்து என்பார். பிள்ளை இருக்கிற அறைக்குள் வந்தாலே கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொள்வார்.

மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் என்னிடம் உடைந்துவிட்டாள். "பொம்பளப் புள்ளன்னுதானம்மா அப்பா தூக்க மாட்டேங்குறாரு? என்னையும் இப்படித்தான் தூக்காம இருந்தாரா?" எனக்குச் சுருக்கென்றது. எப்பேர்ப்பட்ட மனுசனை எப்படிப் பேசுகிறாள்! அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், பச்சை உடம்புக்காரியை. அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குண்டூசியிலிருந்து வளையல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. வெளியே வாசலில் மிஷின் செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் வந்து நின்றார். மகள் பிள்ளையை மடியில் சரியாகப் படுக்க வைத்துக்கொண்டு, "தூக்க வேணாம்ப்பா. சிலுவை மட்டும் போடுங்க" என்றாள். நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். வந்து பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டார். கட்டைவிரலை நீட்டினார், அது நெற்றிக்கு மேலே வந்து அப்படியே நின்றது. பச்சைக் குழந்தையின் உச்சியில் தோல் துடித்துக்கொண்டிருந்தது.

"ஏத்தா, நீ என் வெரலப் பிடிச்சுக்க" என்றார் என்னிடம். "அழுத்திப்புட்டேன்னா எனக்குத் தெரியாது."

சிலேட்டில் முதல் எழுத்து எழுதப் பழக்குகிற மாதிரி அவர் கட்டைவிரலைப் பிடித்தேன். மேலிருந்து கீழே ஒன்று, குறுக்கே ஒன்று. பிள்ளை புருவத்தைச் சுருக்கிவிட்டு மறுபடி தூங்கியது.

"பட்டுச்சா?"

"பட்டுச்சுங்க."

"எப்படி இருக்கு?"

என் விரலும் அந்த நெற்றியில் பட்டிருந்தது. "வெதுவெதுன்னு இருக்கு. லேசா வேர்த்திருக்கு" என்றேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் தலையாட்டினார். கையை எடுத்துத் தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை உதட்டில் வைத்துப் பார்த்தார், உதட்டுக்கு இன்னும் தெரியும். பிள்ளைச் சூடு கொஞ்சமாவது அதில் ஒட்டியிருக்காதா என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்திருந்தார்.

"சில்லுன்னு இருக்குடி" என்றார்.